எட்டுப் பேருக்கு ஒரு புத்தகம்

பஞ்சம்மாள் டீச்சர் வேலையில் சேர்ந்தது 1954 ஜூன் ஏழாம் தேதி, திங்கட்கிழமை. விஸ்வநத்தத்திலிருந்து ஒன்றரை மைல் தள்ளி இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் அப்போது ஐந்து வகுப்புகள், மூன்று ஆசிரியர்கள், ஒரு கரும்பலகை. கரும்பலகை ஐந்தாம் வகுப்புக்குச் சொந்தம். அதிலும் மேல்பாதியில் தலைமையாசிரியர் சங்கையா தம் கையால் எழுதிய வரவேற்பு வாசகம் இருந்தது. இன்ஸ்பெக்டர் எந்த நேரத்தில் வருவார் என்று சொல்ல முடியாதாகையால் அதை யாரும் அழிக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பு நான்கு வருடமாகக் கீழ்ப்பாதியில்தான் குனிந்து படித்தது.

பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் ஊர்ப் பெரிய சம்சாரி, அதாவது விவசாயி, பெத்தணன். கொடுத்த விவரம் கல்வெட்டில் இருக்கிறது. கொடுத்த இடத்தில் பாதியை வைக்கோல் அடுக்க அவரே வைத்துக்கொண்ட விவரம் கல்வெட்டில் இல்லை. சாவியும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

முதல் வகுப்பு பஞ்சம்மாளுக்கு. பதிவேட்டின்படி பிள்ளைகள் பதினேழு பேர். வருகிறவர்கள் எட்டுப் பேர். மீதி ஒன்பது பேர் பதிவேட்டில் மட்டும் ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாசகப் புத்தகம். அது வருடந்தோறும் பெத்தணனின் பேரப்பிள்ளைகளில் ஒருவருடையது; 1957-ல் பேரன் கருப்பணனுடையது.

ஒரு புத்தகத்தை எட்டுப் பேர் படிக்கும் முறை பஞ்சம்மாள் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு முன்பே அங்கே நடந்து வந்தது. நடுவில் ஒரு பலகை. பலகையின் மேல் புத்தகம். தெற்கு வரிசையில் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் நால்வர். அவர்களுக்கு எதிரே வடக்கு வரிசையில் கீழத்தெருப் பிள்ளைகள் நால்வர். யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. புத்தகம் அதன் சொந்தக்காரனைப் பார்த்து விரிந்திருக்கும். அவன் வரியில் விரலை நகர்த்துவான். எட்டுப் பேரும் சேர்ந்து சத்தமாகப் படிப்பார்கள். காற்று தெற்குச் சன்னலில் வந்ததால் டீச்சரின் முக்காலியும் தெற்கு வரிசையின் பின்னால்தான் கிடந்தது. அவர் மணல் தட்டில் விரலால் எழுத்துப் போட்டுக் காட்டுவதும் அங்கிருந்தபடியேதான்.

இந்த ஏற்பாட்டில் நான்கு வருடமாக ஒரு விசித்திரம் நடந்துவந்தது. வடக்கு வரிசைப் பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள், ஆனால் படிக்கவில்லை. சிலேட்டைப் பலகைக்கு மேலே நீட்டினால் எழுத்து அழகாக, நேராக, வரி பிசகாமல் இருக்கும். ஆண்டு முடிவில் எழுந்து வந்து புத்தகத்தைக் கையில் வாங்கிப் படிக்கச் சொன்னால் வாயடைத்து நிற்பார்கள். சிலர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பவும் பார்ப்பார்கள். அதற்கு ஒரு பிரம்படி உண்டு. பஞ்சம்மாள் வருடந்தோறும் 'எழுத்து: நன்று. வாசிப்பு: இல்லை' என்று எழுதி அவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைத்தார்.

இதற்குச் சங்கையாவிடம் ஒரு தத்துவம் இருந்தது. கீழத்தெருப் பிள்ளைகளுக்குப் புத்தி கையில்தான் இருக்கிறது, தலைக்கு ஏறாது என்பார். ஆகவே இரண்டு வருடம் பார்த்துவிட்டு, அந்தக் கை தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து தோய்க்கும் கட்டைச் சட்டத்துக்குள் தீக்குச்சி அடுக்கப் போவதே இயற்கை. இயற்கையும் அவர் சொன்னபடியே நடந்துவந்தது. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் குழந்தை மனம் பற்றிப் படித்துத் தேறியிருந்த பஞ்சம்மாள் இதை மறுக்கவில்லை.

1957 நவம்பரில் கீழத்தெரு வள்ளித்தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவளுடைய இளைய மகள் மாரித்தாய் முதல் வகுப்பில் மூன்றாவது வருடமாக வடக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வள்ளித்தாய் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவள். புதிதாக வந்த ஒரு கம்பெனி, படம் அச்சடிக்கும் செலவை மிச்சம் பிடித்து, வெறும் எழுத்தோடு லேபிள் போட்டிருந்தது. மாரித்தாய் ஒட்டிய ஒரு குரோஸ் பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. லேபிள் கொஞ்சமும் கோணாமல், சுருக்கமில்லாமல், ஒன்று விடாமல் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது.

"மூணு வருசமாப் படிக்க வைக்கீகளே டீச்சரம்மா, எளுத்துக்குத் தலை எது கால் எதுன்னு சொல்லித்தரலையா?" என்று கேட்டுவிட்டு, முடிவையும் அவளே சொன்னாள். இந்த வருடமும் பாஸ் ஆகாவிட்டால் முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாளே மாரித்தாய் அக்காளோடு குச்சி அடுக்கப் போவாள். ஏஜெண்டிடம் பேசியாகிவிட்டது.

பிள்ளைக்குக் கவனம் போதாது என்று பஞ்சம்மாள் பதில் சொல்லி அனுப்பினார். ஒரு குரோஸ் பெட்டி, அதாவது நூற்றுநாற்பத்து நான்கு சாட்சிகள், அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயின.

இன்ஸ்பெக்டர் 1958 மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை வந்தார். மூன்று நாள் முன்பே தெரிந்துவிட்டதால் சங்கையா ஆயத்தங்கள் செய்திருந்தார். முதல் ஐந்து பாடங்களைத் தெற்கு வரிசைக்கு மனப்பாடம் செய்வித்தாயிற்று. வடக்கு வரிசைப் பிள்ளைகள் நால்வருக்கும் வெள்ளிக்கிழமை காய்ச்சல் வரும் என்று வியாழக்கிழமையே சொல்லிவிட்டார்கள். மூவர் சொன்னபடி காய்ச்சலில் படுத்தார்கள். மாரித்தாய் மட்டும் வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மத்தியானச் சாம்பாரில் கத்தரிக்காய் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் டீச்சரின் முக்காலியில் உட்கார்ந்து மூன்றாம் பாடத்தை எடுத்துக் கருப்பணனிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் ஆட்டின் படம் இருந்தது. கருப்பணன் ஐந்தாம் பாடத்தில் உள்ள மழையைப் பற்றி நிறுத்தாமல் படித்தான். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மத்தியானத்துக்குள் அவர் இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்களைப் பார்த்தாக வேண்டும்.

பிறகு ஏதோ நினைத்தவர் போலப் புத்தகத்தை வாங்கித் தம் மடியில் விரித்துப் பன்னிரண்டாம் பாடத்தைப் பார்த்தார். இதை யார் படிப்பீர்கள் என்று கேட்டார். அது யாரும் மனப்பாடம் செய்யாத பாடம். எதிரே நின்ற மாரித்தாய், எட்டுப் பேர் சேர்ந்து படிக்கும் அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"கண்மாய் நிறைந்தது. கொக்கு வந்தது. மீன் ஆழத்தில் ஒளிந்தது."

இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோனார். கருணையுள்ள மனிதர், பிள்ளைக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று புத்தகத்தை ஒழுங்காகத் திருப்பி அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், மாரித்தாய் ஊமையானாள். புத்தகத்தை மெல்ல மறுபடி திருப்பப் பார்த்தாள். "ஏ புள்ள, புத்தகத்தை ஒளுங்காப் பிடி" என்றார் சங்கையா. அவள் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமக்குப் பின்னாலிருந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டி, குறிப்பேட்டில் 'வாசிப்பு திருப்தி' என்று எழுதிவிட்டு ஜீப் ஏறினார்.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றவர் பஞ்சம்மாள் ஒருவர்தான். அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பள்ளி விட்டதும் மாரித்தாயை இருக்கச் சொன்னார். புத்தகத்தைத் தம் பக்கமாக விரித்துப் பலகையில் வைத்து, பிள்ளையை எதிரே உட்காரவைத்தார். அவள் பன்னிரண்டையும் படித்தாள், பதிமூன்றையும் படித்தாள், கடைசிப் பாடத்தை இரண்டு இடத்தில் தடுக்கிப் படித்தாள். சிலேட்டைக் கொடுத்தார். இவ்வளவு நாளும் நீட்டிய சிலேட்டைத்தான் டீச்சர் பார்த்திருந்தார், எழுதும்போது பார்த்ததில்லை. அன்றைக்கு முக்காலியை விட்டு எழுந்து வடக்குப் பக்கம் போய், அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நடை ஒன்பது அடி. போவதற்கு அவருக்கு மூன்று வருடமும் ஒன்பது மாதமும் ஏழு நாளும் ஆகியிருந்தது.

மாரித்தாய் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கவிழ்த்துப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எதிரேயிருந்து பார்க்கிறவருக்கு அது முத்து முத்தான தமிழ். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது நூற்றுநாற்பத்து நான்கு தீப்பெட்டிகள்.

பஞ்சம்மாள் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 1954-லிருந்து வாசிப்பு இல்லாமல் நிறுத்தப்பட்டுப் பின் பெயர் நீக்கப்பட்டவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் வடக்கு வரிசை. பதினொன்றாவது ஆளுக்குக் கண் பார்வை குறைவு. பதிவேட்டில் எழுதியிருந்ததெல்லாம் பஞ்சம்மாளின் கையெழுத்துதான். மிகத் தெளிவாக இருந்தது.

திங்கட்கிழமை சங்கையாவிடம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், இன்ஸ்பெக்டர் திருப்தின்னு எளுதிட்டுப் போயிருக்காரு. திருப்தியைக் கிளறாதீக" என்றார். வேண்டுமானால் பிள்ளையைத் தெற்கு வரிசைக்கு மாற்றட்டும், ஆனால் பெத்தணனுக்குப் பதில் சொல்வது டீச்சரின் பொறுப்பு என்றார். பரீட்சையை இந்த வருடம் தாமே நடத்துவார்; மாரித்தாய் எல்லாரையும் போலப் புத்தகத்தைக் கையில் வாங்கித் தம் முன்னால் படித்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை.

பரீட்சைக்கு இருபத்தேழு வேலை நாட்கள் இருந்தன. பஞ்சம்மாள் பிள்ளைகளை நகர்த்தவில்லை. அந்தத் துணிச்சல் அவருக்கு அப்போதும் வரவில்லை. புத்தகத்தை நகர்த்தினார். தினமும் ஒரு விரற்கடை அளவு புத்தகம் பலகைமேல் சுற்றியது. மணல் தட்டும் கூடவே சுற்றியது. மாரித்தாயின் கழுத்து முதல் வாரம் ஒரு பக்கம் சாய்ந்தது, இரண்டாம் வாரம் கொஞ்சம் நிமிர்ந்தது. வடக்கு வரிசையின் மற்ற மூன்று கழுத்துகளும் அப்படியே. தெற்கு வரிசைக்கு இப்போதுதான் கழுத்து இருப்பது தெரியவந்தது.

பத்தாம் நாள் பெத்தணன் வந்தார்.

"ஏம்மா பஞ்சு, எம் பேரன் புத்தகம் அவனைப் பாக்காம அங்கன யாரைப் பாக்குது?"

பஞ்சம்மாள் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி மகள். அவரிடம் அதுவரை பொய் சொன்னவரல்லர். "புது முறை பெரியப்பா. சர்க்கார் கொண்டாந்திருக்கு. சுற்று வாசிப்புன்னு பேரு" என்றார்.

பெத்தணன் கொஞ்சம் யோசித்தார். நியாயம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். சர்க்கார் என்றதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். ஆனாலும் விசாரித்துச் சொல்கிறேன் என்று புத்தகத்தைப் பேரனோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். சிவகாசியில் ஒரு வக்கீல் குமாஸ்தா, அப்படி ஒரு முறை வந்துதான் இருக்கிறது, தாமே படித்ததாக ஞாபகம் என்று உறுதி சொன்ன பிறகுதான் புத்தகம் திரும்பி வந்தது. அதில் ஏழு நாள் போயிற்று.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி பரீட்சை நடந்தபோது, வடக்கு வரிசைக்கு நேராக வரப் புத்தகம் சுற்ற வேண்டிய பாதிச் சுற்றில் முக்கால்வாசிதான் முடிந்திருந்தது.

முதலில் கருப்பணன். சங்கையா கொடுத்தது ஒன்பதாம் பாடம். அவன் படித்தது ஐந்தாம் பாடம். பாஸ். நான்காவதாக மாரித்தாய். புத்தகம் கைக்கு நேராக வந்தது. அவள் அதைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே வேப்பமரத்தடியில் வள்ளித்தாய் காத்திருந்தாள். பஞ்சம்மாள் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். பலகையில் நேற்று எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவு வந்ததும் நிறுத்தினாள். பிறகு படித்தாள். ஒன்பதாம் பாடத்தை முழுவதும், கீழே இருந்த கேள்விகள் உட்பட.

"கோணலாப் பிடிக்குதே" என்றார் சங்கையா.

"பிடிக்கிறதுக்குப் பதிவேட்டுல இடமில்லை சார். வாசிப்புக்குத்தான் இருக்கு. எளுதுங்க."

நான்கு வருடத்தில் பஞ்சம்மாள் அவரை ஏவியது அதுவே முதல் தடவை. சங்கையா எழுதினார். தத்துவத்தைக் காப்பாற்றுவதற்காக ஓரத்தில் 'பிடிப்பு சரியில்லை' என்றும் சேர்த்தார். வடக்கு வரிசையில் மேலும் இருவர் பாஸ் ஆனார்கள், அவரவர் கோணத்தில்.

வேப்பமரத்தடியில் செய்தியைக் கேட்ட வள்ளித்தாய் சந்தோஷப்படவில்லை. சந்தேகப்பட்டாள். மூன்று வருடமாக மண்டையில் ஏறாதது ஆறு வாரத்தில் எப்படி ஏறியது என்று கேட்டாள்.

"அது அவ மண்டையில இருந்துச்சு வள்ளித்தாய். நாந்தான் அந்தப் பக்கம் வந்து பாக்கல. உக்காத்தி வச்ச இடம் தப்பு."

வள்ளித்தாய் மகளின் தலையில் கை வைத்தாள்.

"என் மூத்தவ மூக்கம்மாளும் அங்கனதானே உக்காந்திருந்தா?"

பஞ்சம்மாள் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நீக்கம்: 1956 மே. காரணம்: வாசிப்பு இல்லை. மூக்கம்மாளுக்கு இப்போது பத்து வயது. குச்சி அடுக்குவதில் ஏஜெண்டுக்கு மிகவும் பிடித்த பிள்ளை.

"ஆமா" என்றார்.

"ஞாயித்துக்கிளமை கம்பெனி லீவு" என்றாள் வள்ளித்தாய். "கூட்டியாரேன். பள்ளிக்கூடம் பூட்டியிருக்குன்னு மட்டும் சொல்லிராதீக."

இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சம்மாள் பெத்தணன் வீட்டுக்குச் சாவி வாங்கப் போனார். எதற்கு என்று கேட்டார்கள். சர்க்கார் உத்தரவு என்றார். சாவியோடு ஒரு டம்ளர் மோரும் கிடைத்தது.

பதிவேட்டின்படி அந்தக் கோடையில் ஆறு வாரம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மூக்கம்மாள் என்று ஒருத்தி ஆறு ஞாயிறு அங்கே வந்து, டீச்சருக்குப் பக்கத்தில், தெற்குச் சன்னலோரம் உட்கார்ந்து படித்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் குறிப்பு இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும், ஒருநாளும் வராத அந்த ஒன்பது பேரும் வழக்கம்போல முதல் நாளே வந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது.