முதல் தோட்டா கணக்கில் சேராது

லமார் கிளிங்கருக்குக் குறி தப்பியதே கிடையாது. தப்பியதெல்லாம் அவருடைய துப்பாக்கிக்குத்தான். கேட்காமலேயே சொல்லுவார். ஒரு வருஷம் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் தாங்கும் வளையம் லூசு. மறு வருஷம் தோட்டா மட்டம். அதற்கும் அடுத்த வருஷம் மழையில் துப்பாக்கியின் மரக்கட்டை ஊறிக் குழலை இடித்துவிட்டது. மாற்றுவதற்குத் தோளில் மாட்டும் வார் ஒன்றுதான் பாக்கி இருந்தது. போன கோடையில் அதையும் மாற்றிவிட்டார்.

பென்சில்வேனியா மலைக்காட்டில் அவர்களுடைய வேட்டை முகாமில் ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தை, அன்று மான் அடித்தவன் கத்தரித்து, பேரெழுதிச் சுவரில் ஆணியடிப்பான். அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க லமாரின் சட்டைகள். கட்டம் போட்டது, கோடு போட்டது, கல்யாண நாளுக்கு மனைவி தைத்துத் தந்தது. ஜவுளிக்கடையே வைக்கலாம். வேறொருவனாக இருந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவான். இந்த மனுஷனோ எதிரே உட்கார்ந்து, எந்தத் துணிக்குத் துப்பாக்கியில் என்ன கோளாறு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதில் கூத்து என்னவென்றால், தீவன மில்லில் மூட்டை தூக்கும் இவரிடம்தான் ஊரே துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டும். திருகை முறுக்குவார், கட்டையை இழைப்பார், சரியாகிவிடும். அவர்களெல்லாம் மான் அடிப்பார்கள். தன் துப்பாக்கிக்கென்று மட்டும் ஒரு விசேஷ வைத்தியம் வைத்திருந்தார். பயிற்சிக்குப் போகுமுன்பும், வேட்டை சீசன் தொடங்குவதற்கு முந்தின சாயங்காலமும் குழலைத் தேய்த்துக் கழுவி, தானே கலந்த எண்ணெயைத் தாராளமாக விடுவார். மற்றபடி பயிற்சித் திடலில் அவர் புலிதான். முதல் தோட்டா எப்போதும் மேலே போகும். அது குழல் சூடேறுவதற்கு, கணக்கில் சேராது என்பார். பிறகு சுடுவதெல்லாம் ஒரே இடத்தில் போய் விழும்.

இந்த வருஷம் முகாமின் மூத்தவர் ஹார்லன் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

"லமார், இந்தத் தடவையும் விட்டீன்னா ஊத்து மேட்ட உன் மச்சானுக்குக் குடுத்துடுவோம். கோவிச்சுக்கக் கூடாது."

ஊற்று மேடு என்றால் மான் தண்ணீருக்கு இறங்கும் இடம். வாலிப வயதில் லமார் சீட்டில் ஜெயித்தது. வருஷம் பூராவும் அடுத்தவன் மூட்டையைச் சுமக்கிறவருக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மேடு ஒன்றுதான் உண்டு.

மச்சான் வெர்லின், மனைவியின் தம்பி, வாய் சும்மா இருக்காத ஆள். "மேடு எனக்கு வந்தாலும் நீங்க வரலாம் மச்சான். காபி போட ஆள் வேணும்ல?" என்றான். அதோடு விட்டானா? தன் துப்பாக்கியையும் நீட்டி, "இதையும் கொஞ்சம் பாத்து விடுங்க" என்றான்.

லமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வைத்தியர் என்ற பேர் இருக்கிறதே. அந்தத் துப்பாக்கியைக் கழுவி, விசேஷ எண்ணெயை முழுக்க அதில் விட்டார். புட்டி காலி.

"என்னுது அழுக்காவே கிடக்கு. இதத் தூக்கிட்டுப் போனா மானம் போயிடும்டா."

"இருக்கறதுதானே மச்சான் போகும்" என்றான் வெர்லின்.

மறுநாள் காலையில் ஊற்று மேட்டுக்குக் கீழே ஒரு கொம்புமான் வந்து நின்றது. லமார் சுட்டார். மான் அங்கேயே சுருண்டு விழுந்தது. யார் சுட்டது என்று அவரே ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் சரிவுக்குக் கீழே வெர்லினின் வெடி கேட்டது. லமார் இறங்கிப் போனார். அவன் முகம் செத்துப்போய் நின்றான்.

"நல்லாத்தான் குறி வச்சேன் மச்சான். முதுகுக்கு மேல போயிடுச்சு."

லமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தவறவிட்ட மான்கள் அத்தனைக்கும் தோட்டா முதுகுக்கு மேலேதான் போயிருந்தது. எண்ணெய் விட்ட குழல் தவறியது, அழுக்குக் குழல் அடித்தது. திடலிலும் முதல் தோட்டாதான் மேலே போகும். அதை அவர் கணக்கில் சேர்க்காமலேயே காலத்தை ஓட்டிவிட்டார். மான் கணக்கில் சேர்த்துக்கொண்டது அது ஒன்றைத்தான். சே, ஒரு புட்டி எண்ணெய்க்கா இத்தனை சட்டை என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தார்கள். வெர்லின் முதுகைக் காட்டி நின்றான்.

"இவன் மேல தப்பில்ல" என்றார் லமார். "என் எண்ணெய்தான் காரணம். குழல்ல எண்ணெய் இருந்தா முதல் தோட்டா மேல தூக்கிடுது. இத்தன வருஷமா எனக்கு ஆனதும் அதுதான்."

முகாமே கூரை அதிரச் சிரித்தது. ஹார்லனுக்குப் புரையேறிவிட்டது.

"பாத்தீங்களாடா. மான் விழுந்தும் மனுஷன் சாக்குச் சொல்றத விடல."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க மச்சான். வெட்டுங்க" என்றான் வெர்லின்.

வாழ்நாளில் முதல்முறையாக ஓர் உண்மையான கோளாறைச் சொன்னார், அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வேறு வழியில்லாமல் கத்தரித்து, தன் சட்டைகளுக்குப் பக்கத்தில் ஆணியடித்தார்.

சாப்பாடு முடிந்ததும் வெர்லினின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். காய்ந்த துணியைக் கம்பியில் சுற்றி, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் குழலைத் துடைத்தார். வெர்லின் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஏதாவது கோளாறு தெரியுதா?"

லமார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்கோப்புல ஒரு திருகு லூசா இருந்துச்சு. முறுக்கிட்டேன்."

"அதானே பார்த்தேன்" என்றான் வெர்லின் நிம்மதியாக. "இத அப்பவே சொல்லாம எண்ணெய் அது இதுன்னு."