அண்ணன் பெயருக்கு வந்த அரிசி

ஜப்பான்காரன் ஆட்சியில், மலாக்கா காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

பெரிய வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் அரிசியும் உப்பும் கொடுத்தது. பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளை ஜப்பான்மொழிப் பள்ளிக்கு நாள் தவறாமல் போக வேண்டும், அதுதான் நிபந்தனை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றவர்களுக்கு அந்த அரிசியின் வாசம் என்னவென்று சொன்னால் இன்று யாருக்கும் புரியாது. எங்கள் வீட்டுக்கு அது அண்ணனால் வந்தது.

அந்த அண்ணன் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டான். கொட்டும் மழையில் அப்பா தனியாகவே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். தலைகூடத் துவட்டாமல் என்னிடம் சொன்னார்:

“இனிமே நீதான் அவன். யாராச்சும் கேட்டா, தம்பி பத்து பெரெண்டாம் ஊர்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லு.”

அம்மா அண்ணன் சட்டையை எனக்கு மாட்டி, பொத்தான் போட்டுவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் அவன் பெயர் கூப்பிடப்பட்டது. “ஹாய்” என்று ஜப்பான்மொழியில் ஆஜர் சொன்னேன். என் குரல் எங்கோ பின்னாலிருந்து வந்தது போலிருந்தது.

“என்னடா, அரிசிச் சோறு திங்கிறவன் வளரணும், நீ குட்டையாயிட்டே!” என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஒருவன்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை.

மாதங்கள் போயின. வீட்டிலும் நான் அவனாகவே ஆனேன். அம்மா அவன் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிட்டாள். அவனைப் போலவே தோளைச் சாய்த்து நடக்க ஆரம்பித்தேன், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் இல்லை. மண்ணுக்குள் கிடப்பது நான்தானோ என்று சில மத்தியானங்களில் தோன்றும்.

பிறகுதான், போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். வீடு வீடாகத் தேடவில்லை. அரிசி கொடுத்த பட்டியலையே எடுத்தார்கள். வயது வந்த பிள்ளைகளெல்லாம் அதில் வரிசையாக இருந்தார்கள், அண்ணனும்தான். இல்லை என்றால் ஏமாற்றியதற்கு அப்பாவை அடித்தே கொல்வார்கள். இருக்கிறான் என்றால் லாரியில் ஏற வேண்டியவன் நான்.

எங்கள் வாத்தியார் மலாக்காச் செட்டி வீட்டுக்காரர். நெற்றியில் திருநீறு, தலைமுறை தலைமுறையாகப் பேச்சு முழுக்க மலாய். என்னைத் தனியே அழைத்து மலாயில் சொன்னார்: “முதல் நாளே எனக்குத் தெரியும். உன் அண்ணன் இன்று காலை தொத்துக் காய்ச்சலில் செத்தான், உடனே புதைத்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டேன். அம்மாவை அழச் சொல். தெருவுக்கே கேட்க வேண்டும். பாலிக், பாலிக்!” வீட்டுக்கு ஓடு என்று தள்ளிவிட்டார்.

அப்பா என்னை உட்காரவைத்து, துக்கக்காரத் தம்பிக்குச் செய்வதுபோல் தலையை மழித்தார். அவசரத்தில் கத்தி இரண்டு இடத்தில் வெட்டியது. அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். முதலில் சத்தமே வரவில்லை.

“அழுடி, வந்துருவாங்க!” என்றார் அப்பா.

அழுதாள். அது நடிப்பில்லை என்று முதல் அலறலிலேயே தெரிந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். காய்ச்சல் என்று கேட்டதும் சிப்பாய்கள் வேலியோடு நின்றார்கள். ஒருவன் என் மொட்டைத் தலையைப் பார்த்தான். பட்டியலில் கோடு கிழித்தான். லாரி போய்விட்டது. அம்மா நிறுத்தவில்லை; அன்று முழுக்க அழுதாள்.

பொழுது சாயும்போது, தொண்டை கட்டிப்போன குரலில், என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

இப்போது என் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கேட்டு விண்ணப்பப் பாரம் நிரப்புகிறேன். கொடுப்பவர்கள் நல்லவர்கள்தான் என்று தெரிந்தும், பெயர் எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் என் பேனா கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது.