ரோஸ் என்றால் வலது

எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு புத்தகம் அச்சாகும். அதில் தலைமைக் கோச்சுகளுக்கு ஆளுக்கு ஒரு பக்கம், படத்தோடு. உதவிக் கோச்சுகளுக்குக் கடைசியில் ஒரு பட்டியல். பெயர், என்ன பார்த்தார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. ஒரு ஆளுக்கு ஒரு வரி. 1904இல் தொடங்கி எண்பத்து மூன்று பேர். முதல் ஆள் வேதியியல் வாத்தியார், பந்தைத் தொட்டே இருக்கமாட்டார் என்பது என் சந்தேகம். இன்னொருவர் ஆகஸ்டில் வந்து செப்டம்பரில் போய்விட்டார், மனைவி வந்து ஊரைப் பார்த்துவிட்டாள் என்று காரணம் சொன்னார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்தான். வெர்னா என்று கேட்டால் ஹார்லன் ஃபோர்க்கில் யாரும் சொல்வார்கள்.

அந்த எண்பத்து மூன்று வரிகளில் நீளமான வரி மெர்ல் குபிக்குடையது. 1974இல் வந்தார். நான்கு தலைமைக் கோச்சுகளைப் பார்த்துவிட்டார். இதைக் கேட்டு வெளியூர் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். ஏனென்றால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பது மற்ற இடத்தில்தான். ஃபுட்பாலில் தலை போனால் கையும் காலும் சேர்ந்தே போகும். புதுத் தலை தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும். மெர்ல் மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பினார். யாருக்கும் அவர் வேண்டப்பட்டவர் இல்லை, யாருக்கும் வேண்டாதவரும் இல்லை. நெப்ராஸ்காவின் மேற்குப் பண்ணைகளில் எந்த வீட்டில் எருதுபோல ஒரு பையன் வளர்கிறான் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவர் பார்த்தது முன்வரிசை ஐந்து பேரை. எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் காலால் உதைப்பது கொஞ்சம், ஆளை ஆள் இடிப்பதுதான் நிறைய. பந்தை எறிகிறவன் ஒருவன், அவன் எலும்பு முறியாமல் காப்பது முன்னால் நிற்கும் ஐந்து தடியர்கள். எறிகிறவன் பெயர் பேப்பரில் வரும். ஐவர் பெயர் அவர்கள் அம்மாக்களுக்குத் தெரியும். அந்த ஐவருக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் பெயர் எனக்குத் தெரியும், பட்டியலில் அடிக்கிறேனே.

ஒவ்வொரு தலைமைக் கோச்சும் வரும்போது ஒரு தடித்த நோட்டோடு வருவார். அதில் அவருடைய பாஷை இருக்கும். முதலில் இருந்த ஓட்டிஸ் பன்னிரண்டு வருஷம் பூக்களின் பெயரில் ஓட்டினார். ஆபத்து வலது பக்கம் வந்தால் வெளியிலிருந்து 'ரோஸ்' என்று கத்த வேண்டும், ஐந்து பேரும் வலது பக்கம் நகர்ந்து அடைப்பார்கள். இடது என்றால் 'லில்லி'. இங்கிலீஷில் ரோஸுக்கும் வலதுக்கும் முதலெழுத்து ஒன்று, லில்லிக்கும் இடதுக்கும் ஒன்று. குழந்தைக்கும் புரியும். அவருக்கு அடுத்தவர் மிருகங்களுக்கு மாறினார். மூன்றாமவர் எண்களுக்கு. நான்காவதாக வந்த ஹேல்ஸ்டன் மகா புத்திசாலி. பூக்களையே திரும்பக் கொண்டுவந்து, எதிராளி ஏமாற வேண்டும் என்று தலைகீழாக்கினார். ரோஸ் என்றால் இடது. லில்லி என்றால் வலது.

"பழைய பேச்சை வாசலுக்கு வெளியே கழட்டி வச்சுட்டு வாங்க" என்று சொன்னார் முதல் நாள் கூட்டத்தில்.

மெர்ல் வெளியே வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வெர்னா, இது என் நாலாவது பாஷை."

"எங்க தாத்தா செக் நாட்டுலேர்ந்து வந்து ஒண்ணே ஒண்ணு கத்துக்கறதுக்குள்ள செத்துப்போனார். உனக்கென்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. மத்தவங்க பாஷை எல்லாம் மறந்துபோச்சு. ஓட்டிஸ் பாஷை மட்டும் போகமாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர் ஏன் அத்தனை பாஷையையும் வாயைப் பொத்திக்கொண்டு கற்றார் என்பது எனக்குத் தெரியும். அவர் மனைவி ஐலீனுக்குக் கண் நரம்பு வாடும் நோய். ஓரத்திலிருந்து இருட்டு ஏறி ஏறி, தொண்ணூற்றெட்டில் முழுவதுமாக மூடிவிட்டது. ஆனால் அவளைப் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சி மைதானத்துக்கு எதிரே கல்லூரிக்குச் சொந்தமான மூன்று வீடுகள், உதவிக் கோச்சுகள் குடியிருக்க. அதில் நடு வீட்டில் இருபத்துநாலு வருஷம். அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு எத்தனை அடி, எந்தக் கதவு மழைக்கு இறுகும், எல்லாம் அவள் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். கொலாச்சி என்ற பழ ரொட்டி சுட்டு, தானே வாசல்வரை வந்து கொடுப்பாள். அந்தப் படியைத் தாண்டித் தெருவில் இறங்கினால் மட்டும், பயந்த குழந்தை மாதிரி மெர்லின் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் ஐலீனுக்கு அன்றுதான் உண்மையில் கண் போகும். மெர்ல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை வயிற்றில் சுமந்துகொண்டுதான் மைதானத்தில் நின்றார். ஆடுவதோ பத்தொன்பது வயதுப் பையன்கள். அவர் கத்தலாம், அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டு நவம்பர், கடைசி ஆட்டம். அதுவரை ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. ஆறாவது வெற்றி இல்லையென்றால் ஹேல்ஸ்டன் கிளம்ப வேண்டியதுதான் என்று கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. பந்து எங்கள் கையில், எல்லைக் கோட்டுக்கு ஒன்பது அடியில்; தாண்டினால் வெற்றி. என் கால் குளிரில் கட்டையாகிவிட்டது, ஆனாலும் எழுந்து நின்றேன்.

எதிரணியில் ஒருவன் சத்தமில்லாமல் வலது ஓரத்துக்கு நழுவினான். மைதானத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. மெர்ல் கவனித்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, நரம்பு புடைக்கக் கத்தினார்.

"ரோஸ்! ரோஸ்! ரோஸ்!"

ஐந்து பையன்களும் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். ஹேல்ஸ்டன் பாஷையில் ரோஸ் என்றால் என்னவோ அதைச் செய்தார்கள். ஐவரும் ஒன்றாக இடது பக்கம் நகர்ந்தார்கள். வலது பக்கம் வாசல்போலத் திறந்தது. எறிகிறவன் மேல் அந்த நழுவியவன் வந்து விழுந்தான், பந்து உருண்டது, அதை எதிரணி அமுக்கிக்கொண்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அன்று மெர்லுக்குக் கண்ணுக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அவர் குவித்த கையை எடுக்காமலே நின்றார். என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஐலீன் வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். மெர்ல் போய் நடந்ததைச் சொன்னாராம். "இருபத்துநாலு வருஷத்துல ஒரு தடவை. விடு, சாப்பிட வா" என்றாளாம். இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். அவர் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் ஹேல்ஸ்டன் போனார். திங்கள் காலை உதவிக் கோச்சுகள் எட்டுப் பேரும் அவரவர் அறையில், காலி அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புதுத் தலை வரும்வரை அப்படித்தான். பெட்டியை நிரப்பினால் அபசகுனம், பெட்டியே இல்லையென்றால் திமிர் என்று ஒரு நம்பிக்கை. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

பத்தாம் நாள் புதியவர் வந்தார். பிரெண்ட் மாராஸ். பார்த்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. 1983இல் ஓட்டிஸின் அணியில் முன்வரிசையில் நின்ற பையன், மெர்லின் கையால் வளர்ந்தவன். மெர்ல் வீட்டுச் சமையலறையில் பட்டை போட்ட சுருள் ரொட்டியைத் தட்டு தட்டாகக் காலி செய்தவன்.

"மெர்ல், நீ பொழச்சே" என்றேன். "நம்ம பையன்."

"பார்ப்போம்" என்றார். ஆனால் அன்று சட்டை மாற்றி வந்திருந்தார்.

ஆளுக்கு ஐந்து நிமிஷம். மெர்லின் முறை வந்தது. எங்கள் ஆபீஸ் சுவர் அட்டை மாதிரி. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லவேண்டாம், காதைப் பொத்தவில்லை என்று சொல்லலாம்.

"கோச், அந்தக் கடைசி ஆட்டத்தோட படம் பார்த்தேன்" என்றது மாராஸின் குரல். "ரோஸ்னு கத்தினது நீங்கதானே?"

"நான்தான்."

"எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. என் நோட்டுலயும் ரோஸ்னா வலதுதான், கோச். ஓட்டிஸ் பாஷைதான் நான் இங்க கொண்டுவரப் போறேன். நீங்க கத்துக்கொடுத்தது."

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். காரியம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவன் குரல் இறங்கியது.

"ஆனா முன்வரிசைக்கு ஆள் சொல்லிட்டேன். என்கூட ஆறு வருஷம் இருந்தவன். எங்கே போனாலும் கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். வாக்கு மாறக்கூடாதுன்னு எனக்குச் சொன்னவரே நீங்கதான், கோச்."



"சரிதான் பிரெண்ட். வேலை போகட்டும்" என்றார் மெர்ல். "வீட்டை மட்டும் எங்களுக்கே விட்டுடச் சொல்லு. ஐலீனுக்காகக் கேக்கறேன். வாடகை தர்றேன், மூணு பங்கு வேணாலும் தர்றேன்."

"வீடு என் கையில இல்லையே, கோச். கேட்டுப் பார்க்கறேன்."

கேட்டான், பொய் சொல்லக்கூடாது. கல்லூரித் தலைவரிடம் கேட்டான். அவர் நிர்வாகக் குழுவைக் கைகாட்டினார். நிர்வாகக் குழு விதியைக் கைகாட்டியது. விதிக்குக் கை இல்லை. ஜனவரி பதினைந்துக்குள் காலி செய்யவும் என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மூன்று தடவை தப்பாக அடித்துக் கிழித்தேன். நாலாவது தடவை சரியாக வந்துவிட்டது. என் விரலுக்கு வெட்கமே இல்லை.

மெர்லுக்கு வயோமிங்கில் ஒரு சின்னக் கல்லூரியில் இடம் கிடைத்தது. குடியிருப்பு மூன்றாவது மாடி.

ஜனவரி பத்தாம் தேதி புது உதவிக் கோச்சின் மனைவி வீடு பார்க்க வந்தாள். டீனா என்று பெயர். ஏழு மாத வயிறு. வழி தெரியாதென்று நான்தான் கூட்டிப்போனேன். அவளைக் கண்டால் எரிச்சலாக வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இது நாலாவது ஊர் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். அவளிடம் ஐலீனைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

ஐலீன் கதவைத் திறந்தாள். காதில் தோடு போட்டிருந்தாள். "வாம்மா, குளிர்ல நிக்காதே" என்று முன்னால் நடந்தாள். அடுப்பின் இடது பர்னர் லேசாகத் திருகினால்தான் பிடிக்கும் என்றாள். தெற்கு ஜன்னல் இறுகும், சோப்பைத் தேய்த்துவிடு என்றாள். "குழந்தையை இந்த அறையில போடு. மத்தியானத்துக்கு மேல வெயில் இதமா வரும்" என்று சுவரைத் தொட்டுக் காட்டினாள். டீனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், பிள்ளை எங்கே தூங்கும் என்று பார்த்துவிட்ட முகத்தோடு.

மாலை நாலரை தாண்டியது. பின்கட்டு நடையில் இருட்டு இறங்கியிருந்தது. அங்கே பல்ப் எரிந்துபோய் எத்தனை நாளோ. மெர்லுக்கு அதை மாற்ற மனசு வந்திருக்காது.

"இங்க கொஞ்சம் விளக்கு போடலாங்களா?" என்று டீனா கேட்டாள்.

"அடடா, மறந்தே போச்சு" என்றாள் ஐலீன். கை ஒரு தடவைகூடத் தடவாமல் நேராக சுவிட்சுக்குப் போயிற்று. டக்கென்று அழுத்தினாள். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இப்ப தெரியுதா?"

எதுவும் எரியவில்லை. டீனா மேலே பார்த்தாள். பிறகு ஐலீனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடைக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கியபடி மெர்ல் வந்து நிற்பதைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"தெரியுதுங்க" என்றாள் டீனா. "நல்லா தெரியுது."

"அப்ப சரி" என்றாள் ஐலீன். இருட்டில் கையை நீட்டி அந்தப் பெண்ணின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "இங்க ஒரு படி இறங்கும். வயித்துப் பிள்ளைக்காரி, பார்த்து வா."