செல்வியின் அட்டை

போன வாரம் முட்டிவலிக்காக ஒரகடத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கவுன்டரே இல்லை. டேப்லெட்டோடு ஒரு பெண் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். போன தடவை எடுத்த போட்டோவைத் திரையில் காட்டி, "இது நீங்கதானே ஆன்ட்டி?" என்றாள். போட்டோவில் திருடி மாதிரி இருந்தேன். ஆனாலும் நான்தான்.

ஸ்பிரிட் வாசனை மட்டும் மாறவில்லை. அது என்னைச் சுங்குவார்சத்திரத்துக்கு இழுத்துப் போனது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதியவள் நான். அரைவட்ட ஓட்டை போட்ட கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வைத்தியம் நடக்கிற பக்கம் போவதே இல்லை.

கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் வருவார்கள். புதிதாகப் பதிய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஷிப்ட் பஸ் நிற்குமா? அதனால் ரூமுக்கு ஓர் அட்டை. ஒரு ரூமில் எட்டுப் பேரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், முதலில் பதிந்த செல்வியின் அட்டைதான் வரும். தெரிந்தேதான் பைலை எடுத்துக் கொடுத்தேன், பெரிய உபகாரி என்ற நினைப்பு வேறு. ஒரே மாதத்தில் பைலில் செல்வி ஆறு கிலோ ஏறி எட்டு கிலோ இளைத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் தொண்டை வீங்கி ஒருத்தி அதே அட்டையோடு வந்தாள். பைலோடு உள்ளே அனுப்பினேன். கூட வந்தவள் ஓட்டை வழியாகக் குனிந்தாள்.

"யக்கா, ஊசி போடுவாகளா? அவளுக்குப் பென்சிலின் ஆகாது. ஊர்ல ஒருக்க மூச்சே நின்னு போச்சு."

செல்வி பைலில், பென்சிலின் ஒத்துக்கொண்டது என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியும். எப்படி ஓடினேனோ, ஒரு செருப்பு கவுன்டரிலேயே கிடந்தது.

"இன்னாக்கா, நீ எதுக்கு உள்ள வந்துகினு கீற?" என்றாள் நர்ஸ், ஊசியும் கையுமாக.

"போடாத. இவ செல்வி இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப இவ பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாகப் பார்த்த முகம். பேர் கேட்டதே இல்லை. அந்தப் பெண்தான் வலியோடு, "முத்துமாரி" என்றாள்.

டாக்டர் திட்டிய திட்டில் வேலை போயிற்று என்றே நினைத்தேன். போகவில்லை. அன்றே முத்துமாரிக்குத் தனி அட்டை எழுதி, 'பென்சிலின் கூடாது' என்று சிவப்பு மையில் போட்டேன்.

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா ஆன்ட்டி?" டேப்லெட் பெண் இரண்டாம் முறை கேட்டாள். பின்னால் முறைக்குக் காத்திருந்தவர் சலித்துக்கொண்டார்.

"கேக்கட்டும் சார்" என்றேன்.

அந்தக் கண்ணாடி போய்விட்டது, ரூம் அட்டையும் போய்விட்டது. போனதற்கெல்லாம் அழ வேண்டுமா என்ன? எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எழுந்திருக்கும்முன் அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டுக்கொண்டேன்.