தாண்ட எதுவும் இல்லாத பந்தயம்

குதிக்க முடியாத நாய்க்குப் பந்தயம் எதற்கு என்று கேட்பவரா நீங்கள்? கேட்டால் சாராள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஞாயிறு காலை, புதுப்பட்டினத்தில் ஒரு காலி மனை. பிளாஸ்டிக் குழாயை வளைத்து, இரு முனைகளையும் மணலில் ஊன்றிக்கொண்டிருப்பார். அப்படிப் பத்து வளைவுகள், நடுவே மூன்று நீல டிரம்கள். நாய் வளைவுகளுக்குள் புகுந்து, டிரம்களைச் சுற்றி வந்தால் போதும். வளர்ப்பவர் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்று குரலாலும் கையாலும் வழி சொல்ல வேண்டும். அதட்டினால் வெளியேற்றம்.

"நாய்க்கு ஃபெயிலே கெடியாது. ஆளுக்குத்தான் ஃபெயிலு" என்பார்.

வயது ஐம்பது. வார நாட்களில் அலுவலர் குடியிருப்பில் இஸ்திரி வண்டி தள்ளுகிறார். கால்நடை மருத்துவம் படித்த அனு என்ற பெண் 2006இல் இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். மனிதரைப் பிரித்தது போதாதென்று நாயையும் 'ஜாதி நாய்', 'தெரு நாய்' என்று பிரித்த நாடு இது. சாராளின் வரிசையில், முதலில் வந்தது முதலில் ஓடும்.

ஒரு வீட்டின் திரைச்சீலைகள் மொத்தமாக இஸ்திரிக்கு வந்தால், அந்த வீடு காலியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும். பணி ஓய்வு, லாரி, பூட்டு. பிறகு பூட்டிய வாசலில் ஒரு கிழ நாய் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒன்பதைப் பார்த்துவிட்டார்.

போன மாதம், ஜூலி என்ற கிழ நாயை வளர்க்கும் அலுவலர் உப்பிலியின் வீட்டுத் திரைச்சீலைகள் வந்தன.

"ஜூலிய இன்னா சார் பண்ணப்போறீங்க?"

"இடுப்பு போயிடுத்தே, சாராள். சென்னையில மாடி வீடு. இங்கே யாராவது சோறு போடுவா."

"ஒங்க முட்டியுந்தான் பூட்ச்சி. வூட்டம்மா ஒங்கள வுட்டுட்டா போறாங்க?"

பக்கத்து வீட்டுக்காரர் அது நாயின் கர்மவினை என்றார். எலும்பு தேய்வது வயதினால். பதினோரு வருடம் வாசல் காத்த உயிரை அதே வாசலில் கைவிடுவது மனிதனின் முடிவு. அதற்கு முற்பிறவியைச் சாட்சிக்கு இழுப்பது கோழைத்தனம்.

ஞாயிறன்று உப்பிலி ஜூலியோடு வந்தார், சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு. சாராள் அவரைக் கட்டத்துக்குள் நிறுத்தினார். ஜூலி மெல்ல நடந்தது. ஐந்தாவது வளைவில் உட்கார்ந்துவிட்டது. யாரும் விரட்டவில்லை. ஒரு நிமிடம் கழித்துத் தானே எழுந்து, டிரம்மைச் சுற்றி, வாலை ஆட்டியபடி மிச்ச வளைவுகளையும் கடந்தது. உப்பிலி கட்டத்தைத் தாண்டி ஓடி, மணலில் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"கட்டத்த வுட்டு வந்துட்டீங்க சார். நீங்க அவுட்டு."

"இருந்துட்டுப் போறேன். இவளை அழைச்சுண்டு போகணும், சாராள்."

சாராள் ஒரு வளைவைப் பிடுங்கி, மணலை உதறி, அவர் தோளில் மாட்டினார். "மாடில ரெண்டு பூந்தொட்டி வெச்சி சொருவிக்கோங்க."

நீங்களும் வீடு மாறப்போகிறீர்களா? தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன், நாய்க்கு இடம் உண்டா என்று கேளுங்கள்.