பின்னால் போன பஸ்

ஹட்டன் டவுனில் இன்று காருக்கு ஒருவராக உட்கார்ந்து தெருவை அடைத்துக்கொள்கிறார்கள். பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம் காத்து நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்த எரிச்சல் நேற்று வந்ததல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குக் காலையில் ஒரே பஸ். தவறவிட்டால் நடைதான். அன்று அதில் எழுபத்திரண்டு பேர் இருந்தோம். எதையும் எண்ணிப் பார்ப்பது அப்போதே என் வியாதி. அவர்களில் ஒருத்தி என் அக்கா. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுதப் போன முதல் பிள்ளை. அன்றுதான் முதல் பாடம். துணைக்கு அப்பாவும் நானும்.

பாதி வழியில், ஒடுங்கிய வளைவில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கார் எதிரே வந்து நின்றது. உள்ளே துரை, டிரைவர், பின் சீட்டில் ஒரு நாய். காருக்குப் பின்னால் ஒதுங்கத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் பாதை தோட்டத்துடையது. பஸ் மேலே வருவதே துரையின் தயவு. கார் ஹோர்ன் அடித்தது. பஸ் பின்னால் போனது.

சேற்றில் சக்கரம் வழுக்கவே எங்களை இறக்கிவிட்டார்கள். கொட்டும் மழை. விரித்த குடைகளையெல்லாம் துரையைக் கண்டதும் மடக்கினார்கள். அப்பாவும் மடக்கினார். துரைக்கு முன்னால் குடை பிடிக்கக் கூடாதாம்! எவன் போட்ட சட்டம்?

"நாயி நனையாம போவுது, சோதனை எழுதுற புள்ள நனையுது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"சும்மா இருங்க, காதுல விழப்போவுது" என்றார் அப்பா.

கார் போய்விட்டது. அதற்கு வழிவிட்ட பஸ்ஸின் பின்சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கியிருந்தது. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினாள். அரை மணி நேரம் பிந்தித்தான் மண்டபத்துக்குள் நுழைந்தாள். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே முடியவில்லை.

மாலையில் நான் ஆத்திரத்தோடு அறிவித்தேன்: "நான் பெரியாளாகி காரு வாங்குவேன். அக்காவ அதுலதான் கூட்டிட்டுப் போவேன்."

அம்மா பூரித்துப்போனாள். அப்பா என் தலையைத் தடவினார். திரும்பி வரும்போதும் நனைந்திருந்த அக்கா மட்டும் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "ஒன் காருக்கு எதிர்ல பஸ்ஸு வந்தா?"

"பஸ்ஸு பின்னுக்குப் போவும்!" என்றேன் பெருமையாக.

துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பரீட்சை கெட்டுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.