ஸ்டோருக்குள் போன மெழுகு வில்லை

குமுளி அருகே ஏலத்தோட்டத்தில் வசிக்கிறோம். ஆடி மழையில் என் கணவருக்கு மூளைக்கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி எந்த வகை என்று நுண்ணோக்கியில் உறுதியாகவில்லை.

“கட்டியோட டிஎன்ஏ மேல மீத்தைல்னு ரசாயனக் குறிகள் இருக்கும்மா. அது எங்கெங்க ஒட்டியிருக்குன்னு பார்த்தா வகை தெரியும். அதுக்கப்புறம்தான் மருந்து,” என்ற டாக்டர், கட்டியின் துணுக்கைப் பதித்த மெழுகு வில்லையைத் தந்து வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் பார்த்தால், பீரோவில் வைத்திருந்த வில்லையைக் காணவில்லை.

“ஸ்டோர்லதான் வச்சேன் மைனி. மழைக்குப் பூசணம் பிடிச்சிரும்லா?” என்றார் கொழுந்தன்.

மழைக்காலத்தில் பத்திரம், போட்டோ எல்லாவற்றையும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைப்பது எங்கள் வழக்கம். அன்று அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“அது மெழுகுல்லா தம்பி!” என்று அலறிக்கொண்டு ஓடினேன். வேறு துணுக்கு கிடையாது. இது கெட்டால் அவர் தலையை மறுபடி திறக்க வேண்டும். வில்லையின் ஓரம் இளகி வழிந்திருந்தது. வெளியே எடுத்தேன்.

“என் மூளையையும் காயப்போட்டானா உன் கொழுந்தன்?” என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வில்லையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். நல்லவேளை, துணுக்கு கெடவில்லை. வகை தெரிந்து சிகிச்சை தொடங்கியது. மிச்ச வில்லை திரும்பி வந்தபோது, “பத்திரமா வைங்க, மறுபடி தேவைப்படலாம்,” என்றார் டாக்டர். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பீரோவைத் திறந்து வில்லையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டோரில் தீ மூட்டச் சொல்கிறேன்.